அம்மா சொல்லாத பேர்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களை இன்னும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யார் யார் இருக்கிறார்கள்? நிதானமாக யோசித்துப் பாருங்கள். பால் பாக்கெட் போடுகிற பையனுக்கு நாம் அம்மச்சி. ஆட்டோக்காரருக்கு அம்மா. கீழே உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டிக்கு மூன்றாம் மாடி ஆன்ட்டி. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் டோக்கன் நம்பர். வங்கியிலிருந்து போனில் பேசும் பெண் ஒருத்திதான் மரியாதையாகப் பேர் சொல்கிறாள், அதுவும் இனிஷியலில் இருக்கும் நம் அப்பாவின் பேரை நம்முடையது என்று நினைத்துக்கொண்டு. கூடப் படித்தவர்களும் கூட வேலை பார்த்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு நம் பேரும் கொஞ்சம் கொஞ்சமாகப் புழக்கத்தில் இல்லாமல் போகிறது. காலை நடையில் இதைச் சொன்னபோது உங்களில் சிலர் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். எனக்கு அப்படி ஒன்றும் வருத்தம் இல்லை. நான் ஆரம்பித்ததே அங்கிருந்துதான். நான் வளர்ந்த வீட்டில் என்னை ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பாசம் இல்லாத வீடு என்று நினைத்துவிடாதீர்கள். கரமனையில், அக்கிரகாரத் தெருவுக்கு ஒரு சந்து தள்ளி, ஓடு வேய்ந்த வாடகை வீடு. அப்பா சாலைக் கடைத்தெருவில் மிளகு, ஏலம் விற்கும் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதினார். சாயங்காலம் வீட்டுக்குள் வரும்போது அவர் சட்டையிலிருந்து சுக்கு வாசனை வரும். அம்மா, அப்பாவின் அக்காவான என் அத்தை, நான். பெரியவர்கள் மூன்று பேருக்கும் சொந்த ஊர் நாகர்கோயில் பக்கம். நான் மட்டும் திருவனந்தபுரத்தில் பிறந்தவள். அப்பா என்னைப் 'பாப்பா' என்பார். அத்தை 'ஏளா' என்பாள். அம்மாவுக்கு நான் 'மக்கா'.

காரணம் மிகவும் சாதாரணமானது. எனக்கு வைத்தது அப்பாவின் அம்மா பேர். நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். குழந்தையைப் பார்த்த அத்தை, "எங்கம்மையே திரும்பி வந்திருக்கா" என்று சொல்லி அந்தப் பேரையே வைக்கச் சொல்லிவிட்டாள். பேற்று அறையில் படுத்திருந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. மாமியார் பேரை மருமகள் சொல்லக்கூடாது, அதனால் அம்மா சொல்வதில்லை. பெற்றவள் பேரைப் பிள்ளைகள் சொல்லக்கூடாது, அதனால் அப்பாவும் அத்தையும் சொல்வதில்லை. செத்துப்போனவரை மறக்கக்கூடாது என்பதற்காகத் தேடி வைத்த பேர், அந்தக் காரணத்தாலேயே யார் வாயிலும் வராமல் போயிற்று. இந்தக் கோளாறு அந்த வீட்டில் ஒருவருக்கும் கோளாறாகத் தெரியவில்லை.

அந்தப் பேர் என்ன என்று கேட்காதீர்கள். உங்களில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இப்போது அவசரம் இல்லை.

ஆனால் வீடெங்கும் அந்தப் பேர் இருந்தது. பாத்திரக் கடையில் வாங்கிய அன்றே பேர் வெட்டிக் கொடுப்பார்கள் அல்லவா? செம்பு, போணி, உருளி, அண்டா எல்லாவற்றின் கழுத்திலும் புள்ளிபுள்ளியாக அவர் பேர் வெட்டியிருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் அதுதான். விரலால் தடவினால் முள்முள்ளாகக் குத்தும். அம்மா தினமும் கொல்லையில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டு அதைத் தேய்ப்பாள். எழுத்துகளின் இடுக்கில் பச்சை ஏறாமல் தனியாக ஒரு தேங்காய் நார் வைத்துத் தேய்ப்பாள். பின்னாளில் எவர்சில்வர் வந்து பித்தளை எல்லாம் எடைக்குப் போயிற்று. ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கனம் குறைந்தால் போதும் என்றிருந்தது.

பேர் சொல்லாமல் காரியம் நடத்த அம்மா சில உபாயங்கள் வைத்திருந்தாள். ஒரு முறை எனக்கு விடாத இருமல். கம்பவுண்டர் மருந்துச் சீசாவில் ஒட்டும் சீட்டுக்காக என் பேர் கேட்டார். அம்மா எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றைச் சொன்னாள். அதில் அம்மன் எந்தத் திசை பார்த்து நிற்கும் என்று சொன்னாள். கையில் என்ன வைத்திருக்கும் என்றும் சொன்னாள். கம்பவுண்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவருக்குத் தெரிந்த ஒரு அம்மன் பேரை எழுதி ஒட்டினார். அது இல்லை. ஆனால் அது இல்லை என்று சொன்னால் எது என்று கேட்பாரே. அம்மா சீசாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வேறு எவளோ ஒருத்தியின் பேரில் அந்த மருந்தைக் குடித்தேன். இருமல் என்னவோ நின்றுவிட்டது. அதன் பிறகு பேர் கேட்கும் இடத்துக்கெல்லாம் அப்பாவையே அனுப்பினாள். பள்ளிக்கூடத்துக்கும் அப்பாதான் வருவார். வாயால் சொல்லமாட்டார், எழுதிக் கொடுத்துவிடுவார்.

மரியாதை மட்டும்தான் காரணம் என்றால் அம்மா அவ்வளவு பயந்திருக்க வேண்டாம். பயத்துக்கு வேறொரு கதை இருந்தது. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர் வாசலில் நின்று ஒரு பேரைச் சொல்லி, இங்கேதானா என்று கேட்டிருக்கிறார். புதுப்பெண்ணின் உற்சாகத்தில் அம்மா அந்தப் பேரைத் திருப்பிச் சொல்லி, "ஆமா, எனக்க மாமியார்தான்" என்றிருக்கிறாள். உள்ளே இருந்த மாமியார் காதில் அது விழுந்தது. அதற்கப்புறம் சில நாட்களிலேயே அவர் கிணற்றடியில் விழுந்தார், எழுந்திருக்கவே இல்லை. அம்மா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். 'உன்னால்தான்' என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. 'உன்னால் இல்லை' என்றும் யாரும் சொல்லவில்லை.

என் பேர் உயிரோடு இருந்த இடம் பள்ளிக்கூடம். காலையில் ஆஜர் எடுக்கும்போது டீச்சர் என் பேரை மலையாளத்துக்கே உரிய இழுப்போடு கூப்பிடுவார். நான் எழுந்து நின்று "ஹாஜர்" என்பேன். மற்றப் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே முணுமுணுப்பார்கள். நான் மட்டும் ஒவ்வொரு நாளும் எழுந்து நிற்பேன். அதற்காகவே ஜுரத்தோடும் போயிருக்கிறேன்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும். தை முடிகிற சமயம். இங்கிலீஷ் எடுத்ததும் அதே டீச்சர்தான். ஆளுக்கு ஒரு சாதாரணச் சொல்லைக் கொடுத்து, அதற்கு எத்தனை அர்த்தம், அதே அர்த்தத்தில் வேறென்ன சொற்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்து வகுப்பில் சொல்லவேண்டும் என்றார். பக்கத்தில் இருந்தவளுக்கு 'ஹேண்ட்'. முன்னால் இருந்தவளுக்கு 'ஹவுஸ்'. எனக்கு 'நேம்'.

எங்கள் வீட்டில் டிக்ஷனரி கிடையாது. அக்கிரகாரத்தில் அரசாங்க ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆன ஒரு மாமா இருந்தார், அவரிடம் போனேன். வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்.

"நேம்னா வெறும் பேர்னு நெனச்சுக்காதேடி குழந்தே. டைட்டில்னா பட்டம். டெசிக்னேஷன்னா உத்தியோகப் பேர். எங்காத்து வாசல்ல போட்டிருக்கு பாரு, அதாக்கும். ஃபேம், ரெப்யுட்டேஷன், அதெல்லாமும் நேம்தான். அது போச்சுன்னா மனுஷன் போனான். நிக்நேம்னா பட்டப்பேர்."

"வீட்டுல கூப்புடுத பேருக்கு?"

"அதுக்குப் பெட் நேம். சில பேருக்கு ரெண்டு பேர் இருக்கும், கேட்டியா? அதுக்கு ஏலியஸ்னு பேரு. கோர்ட்டுல கூப்டுவா. முக்காவாசி திருடனுக்குத்தான் இருக்கும்."

எனக்கும் இரண்டு பேர் இருந்தது. ஏலியஸ் என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வகுப்பில் எல்லாவற்றையும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தேன். டீச்சர் மகிழ்ந்துபோய், அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல் என்றார். நான் யோசிக்கவே இல்லை. "மை மதர் நெவர் ஸேஸ் மை நேம்" என்றேன்.

டீச்சரின் முகம் மாறியது. பக்கத்தில் வந்து, அம்மா வீட்டில் இல்லையா என்று மெதுவாக மலையாளத்தில் கேட்டார். மாமியார், மருமகள், செத்தவர், பேர் என்று இத்தனையையும் மலையாளத்தில் எப்படிச் சொல்வது? தெரியாமல் தலையைக் குனிந்தேன். டீச்சர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டார். எப்போதும் அப்பாவே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருப்பார் என்று இப்போது புரிகிறது. தன் டிபன் டப்பாவைத் திறந்து ஒரு நெய்யப்பம் எடுத்துக் கொடுத்தார். மறுநாளிலிருந்து ஆஜர் எடுக்கும்போது என் பேர் வந்தால் குரலைத் தாழ்த்தி இன்னும் கனிவாகச் சொன்னார். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. நெய்யப்பம் நன்றாக இருந்தது.

அந்த வாக்கியம் வாயிலிருந்து வந்தபிறகுதான் அது எனக்கே ஒரு குறையாகத் தெரிந்தது. அன்று சாயங்காலம் அம்மா "மக்கா, காப்பி குடிக்க வா" என்று கூப்பிட்டபோது நான் போகவில்லை.

"பேர் சொல்லிக் கூப்புட்டாத்தான் வருவேன்" என்றேன்.

"வெளையாடாத மக்கா. காப்பி ஆறுது."

"பேரு."

உள்ளேயிருந்து அத்தை, "வயிறு காஞ்சா தன்னால வருவா, நீ உன் சோலியப் பாரு" என்றாள். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த துணி துவைக்கும் கல்லுக்கு வந்தாள்.

"அந்தப் பேரு உனக்கு வச்சதுதான். இல்லேன்னு சொல்லல்ல. ஆனா நான் சொன்னா அது உங்க அப்பாவோட அம்மையக் கூப்புடுததாக்கும்."

"அவங்கதான் செத்துப்போயாச்சே."

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். நான் காப்பியைக் குடித்தேன். ஆனால் அன்றிலிருந்து 'மக்கா' என்றால் திரும்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதை நான் செய்திருக்கக்கூடாது என்று சிலர் சொல்வீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் பேரை என் அம்மா சொல்லவேண்டும் என்பது பேராசையா என்ன?

மாசி வந்தது. இந்த ஊரில் கும்ப மாதம் என்பார்கள். அம்மன் கோயில் பொங்காலை. இப்போது பொங்காலை என்றால் நகரமே அடுப்பாகிவிடுகிறது. அப்போது அத்தனை இல்லை என்றாலும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் கால் வைக்க இடம் இருக்காது. பெண்கள் மட்டும்தான் பொங்கலிடுவார்கள். அதனால் அப்பா கடையிலேயே இருந்துவிட்டார். அம்மாவும் அத்தையும் என்னைக் கூட்டிக்கொண்டு விடிவதற்குள் கிளம்பிப்போய் ஒரு சந்தின் ஓரத்தில் இடம் பிடித்தார்கள். மும்மூன்று செங்கல், இரண்டு புதுப் பானை, காய்ந்த தென்னம்பாளை, அரிசி, வெல்லம், தேங்காய். வெயில் ஏறிய பிறகு கோயில் அடுப்பில் முதலில் தீ மூட்டுவார்கள். அங்கிருந்து ஒருத்தி அடுப்பிலிருந்து அடுத்தவள் அடுப்புக்கு என்று தீ தெருத்தெருவாக வரும்.

தீ வருவதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. வரிசையை ஒட்டியே கொஞ்சம் நடந்தேன். பின்னாலிருந்து அம்மா "மக்கா, தூரத்துல போவாத" என்றாள். நான் திரும்பவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள். அந்தத் தெருவில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் நிறைய. ஆளாளுக்கு ஒரு மக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று.

குலவைச் சத்தம் கேட்டது. தீ வந்துவிட்டது. பிறகு புகை. கண்ணைத் திறக்க முடியவில்லை. இருமினேன், அழுதேன், யார் யாருடைய முந்தானையிலோ மோதினேன். புகை கொஞ்சம் அடங்கியபோது நான் எந்தத் தெருவில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. எல்லா அடுப்பும் ஒரே அடுப்பு. எல்லாப் பானையும் ஒரே பானை. குனிந்து ஊதிக்கொண்டிருந்த எல்லா முதுகும் அம்மாவின் முதுகு.

அந்த வரிசையில் ஒரு முதுகு நிமிர்ந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. டீச்சர். சரிகைக் கரை வைத்த கசவு முண்டு உடுத்தி, மூக்கில் கரியோடு உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன். அவர் பானை இன்னும் பொங்கவில்லை. பொங்காத பானையை விட்டு எழுந்திருக்கக்கூடாது. அதனால் அந்தப் பக்கம் வந்த வாலண்டியர் பெண்ணிடம் என்னை ஒப்படைத்து, "பாவம், அம்ம இல்லாத்த குட்டியா. ஷெட்டில் கொண்டாக்கணே" என்றார். தாயில்லாத பிள்ளை, பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்று. நான் இல்லை என்று மறுக்க வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் என்னை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஷெட் என்றால் நாலு மூங்கில் நட்டு ஓலை வேய்ந்த கொட்டகை. உள்ளே ஒரு மேஜை, மைக், மோர்ப் பானை, ஒரு வயதான போலீஸ்காரர். புகையில் அவருக்கும் கண் சிவந்திருந்தது. கழுத்தில் ஈரத்துண்டு போட்டிருந்தார். வாலண்டியர் பெண் டீச்சர் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "மோளுடெ பேரெந்தா?" என்றார்.

நான் நிமிர்ந்து நின்று இனிஷியலோடு பேரைச் சொன்னேன். முழுசாகச் சொல்லவேண்டாமா? "ஏலியஸ் மக்கா" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. எனக்கு ஒரு கிளாஸ் மோர் கொடுத்தார். ஏலியஸை விட்டுவிட்டு, மைக்கைத் தட்டி, என் பேரைச் சொல்லி, இந்தக் குழந்தையின் ஆட்கள் வரவேண்டும் என்று அறிவித்தார். கம்பங்களில் எல்லாம் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். என் பேர் கம்பத்துக்குக் கம்பம் தாவிக்கொண்டு போயிற்று. இரண்டாம் தடவை சொன்னார், மூன்றாம் தடவையும் சொன்னார். தொலைந்துபோனதே மறந்துவிட்டது எனக்கு. அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருக்கக்கூடாதா என்றிருந்தது.

அம்மா ஓடி வந்தாள். தலை அவிழ்ந்திருந்தது. முகமெல்லாம் கரி, அதில் கண்ணீர் கோடு போட்டிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. நான் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். போலீஸ்காரர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நில்லு நில்லு. நிங்ஙள் ஆரா?"

"எனக்க மகளாக்கும் சார்."

"குட்டிக்கு அம்ம இல்லா என்னாணல்லோ டீச்சர் பறஞ்ஞது?"

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னையே ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் கழுத்தில் மெல்லியதாக ஒரு செயின் கிடந்தது. அதற்காகவே கூட்டத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள். நன்றாகப் பேசி, பலகாரம் வாங்கிக் கொடுத்து, 'அம்மா' என்று பிள்ளையையே சொல்லவைத்துக் கூட்டிப்போவார்களாம். அதனால் அவர் நிதானமாகக் கேட்டார். குழந்தையின் பேரைச் சொல்லு, கூட்டிக்கொண்டு போ.

அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள்.

"சொல்லப்பிடாது சார். எனக்க மாமியாருக்க பேராக்கும்."

"மாமியார் எவிடே?"

"அவ்வோ போய்ச் சேந்து வருசமாச்சு."

"மரிச்சு போயவரெ எந்தினா பேடிக்குன்னது?" செத்தவரிடம் என்ன பயம் என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அம்மா உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாள் என்றார்.

நான் உள்ளதைச் சொன்னேன். "பேர் சொல்லவே மாட்டாங்க."

அது சரியாக டீச்சரின் கதையோடு போய்ப் பொருந்திக்கொண்டது. அம்மா தவித்துப்போய், "மக்கான்னு கூப்புடுவேன் சார், எப்பவும் மக்கான்னுதான்" என்றாள். அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வேலை பார்த்தவர் போலிருக்கிறது. "அங்கே எல்லாரும் எல்லாரையும் மக்கா என்னல்லே விளிக்குன்னது" என்று கையை விரித்தார்.

இப்போது நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அந்தப் பேரை அவர் அப்போதுதான் மூன்று தடவை மைக்கில் சொல்லியிருந்தார். ஊரே கேட்டிருந்தது. பிள்ளை பிடிக்க வந்தவளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்ல முடியாதவள் என் அம்மா ஒருத்திதான்.

தெருமுனையில் ஒரு ஜீப் வந்து நின்றது. போலீஸ்காரர் எழுந்து தொப்பியை எடுத்தார். குழந்தை ஸ்டேஷனில் இருக்கட்டும், அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். நான் அழ ஆரம்பித்தேன். வாலண்டியர் பெண் என் கையைப் பிடித்தாள். ஜீப் என்பதும் ஸ்டேஷன் என்பதும் அம்மாவுக்கு நன்றாகப் புரிந்தது.

அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். எங்கள் ஊர் இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்து, செத்துப்போன மாமியாருக்குக் கைகூப்பினாள். "அத்தை, என்னை எது வேணாலும் செய்யிங்கோ. அவ்வோளையும் பிள்ளையையும் ஒண்ணும் செஞ்சிராதிங்கோ" என்றாள். அப்பாவைத்தான் அவ்வோ என்றாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு என் பேரைச் சொன்னாள்.

மெதுவாக அல்ல. கூப்பிட்டாள். கிணற்றடியிலிருந்து வீட்டுக்குள் இருக்கும் ஆளைக் கூப்பிடுவதுபோல. அறிவிப்புச் செய்துவிட்டு மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. அம்மாவின் குரலில் என் பேர் அத்தனை கம்பங்களிலிருந்தும் கேட்டது.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு ஒன்றுதான் தெரியும். விறைப்பாக நின்று "ஹாஜர்" என்றேன்.

வாலண்டியர் பெண் சிரித்துவிட்டாள். போலீஸ்காரர் சிரிக்கவில்லை. அம்மா கண்ணைத் திறக்காமல் கூப்பிய கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்ததை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளிலிருந்து கையை எடுத்து, "போயிக்கோ மோளே" என்றார்.

வழியெல்லாம் அம்மா என் மணிக்கட்டு வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தாள். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதைக் காட்டிக்கொள்ளப் பயமாக இருந்தது. ஒரு முனையில் நின்று, "இன்னிக்கு உங்கப்பா பஸ்ல வரப்பிடாதே, நடந்து வந்தாப் போதுமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வழியில் உள்ள பாலத்தில் பஸ் கவிழ்ந்துவிடும் என்று பயந்திருக்கிறாள். அது பிறகு தெரிந்தது.

எங்கள் அடுப்புக்கு வந்து சேர்ந்தோம். எங்களுக்கு நேர் மேலே ஒரு கம்பம் இருந்தது, அதிலும் குழாய் கட்டியிருந்தது. அத்தை எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. இரண்டு பானைகளும் பொங்கி வழிந்து செங்கல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. பொங்கும்போது குலவையிடுவதற்காக ஒரு வருஷம் காத்திருக்கும் மனுஷி, பொங்கியதைப் பார்க்கவே இல்லை போல உட்கார்ந்திருந்தாள். தீ அணைந்துகொண்டிருந்தது.

அம்மா அவள் காலடியில் உட்கார்ந்தாள். "மைனி, எனக்கு வேற வழியே இல்லாமப் போச்சு. பிள்ளைய ஸ்டேஷனுக்குக் கொண்டு போவோம்னாங்க. வாய் தவறிச் சொல்லல்ல மைனி, தெரிஞ்சேதான் சொன்னேன்."

அத்தை அகப்பையை எடுத்துப் பானையை ஒரு தடவை கிளறினாள். பிறகு சொன்னாள். "அம்மை விழுந்தது நீ பேரு சொன்னதுனால இல்ல, கேட்டியா. அவளுக்குத் தலைசுத்து அதுக்கு மிந்தியே உண்டு. ரெண்டு தடவ நானே தாங்கிப் பிடிச்சிருக்கேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ பயந்துக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கணும். வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு பயம் இருக்கட்டுமேன்னு இருந்துட்டேன்." அத்தை ஒரு பாளையை எடுத்து அடுப்பில் தள்ளினாள். "எங்கம்மைய ஒருத்தரும் பேரு சொல்லிக் கூப்புட்டு நான் கேட்டதே இல்லடி. எங்கப்பா 'ஏளா'ன்னுதான் கூப்புடும். ஊருக்காரங்களுக்கு இன்னார் பெஞ்சாதி, இன்னார் அம்மை. பாத்திரத்துலதான் பேரு இருந்துச்சு. இன்னிக்கு மைக்குல நீ கூப்புட்டப்ப, எங்கம்மைக்கு இவ்வளவு நல்ல பேரான்னு இருந்துச்சு. இன்னொருக்கா சொல்லு பாப்போம்."

அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். ஒரு பயம் இத்தனை வருஷம் உள்ளே இருந்துவிட்டு, இல்லை என்று சொன்னதும் எழுந்து போய்விடுமா? வாயை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அத்தை கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு பானையைப் பார்த்துக்கொண்டு, புதிதாகப் பேசப் பழகுகிறவள்போல எழுத்தெழுத்தாக, தன் அம்மாவின் பேரைத் தானே சொன்னாள். முடிவில் குரல் கொஞ்சம் ஏறியது. கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிற மாதிரி நிறுத்தினாள்.

அந்தப் பேருக்குப் பதில் சொல்ல அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை. "இங்கதான இருக்கேன்" என்றேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அம்மாவும் அழுதாள். புகை என்று ஒருவரும் சாக்குச் சொல்லவில்லை.